திருவீதியும் சபையும்

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட முதல் விதிகளுள் ஒன்று, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது. 34 ஆண்டுகள் வகுப்பறையில் அதைக் கடைப்பிடித்தேன். ஓய்வு பெற்ற பின்னும் அவ்வழக்கம் என்னை விடவில்லை. ஆகவே, சென்னை மாநகரின் ஒரு பகுதியாகிய மயிலாப்பூரில் கலைகள் வாழும் முறையைப் பற்றிப் பேச வந்த நான், உங்களுள் பலருக்கு நன்கு தெரிந்த சங்கீத சபையிலிருந்தே தொடங்குகிறேன். அங்கிருந்து வீதிக்கு வருவோம்.

மார்கழி என்றால் சென்னையில் சங்கீதம் என்னும் எண்ணம் இன்று நமக்கு இயல்பாகிவிட்டது. ஆயினும் அதற்கும் ஒரு தொடக்கம் உண்டு. 1927ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய தேசியக் காங்கிரஸ் மகாசபை சென்னையில் கூடியது. அதனையொட்டி அகில இந்திய சங்கீத மாநாடு ஒன்றும் நடந்தது. அம்மாநாட்டின் பயனாக 1928இல் சென்னை மியூசிக் அகாடமி தோன்றியது. பின்னர் ஆண்டுதோறும் டிசம்பரில் மாநாடும் கச்சேரிகளும் நடத்தும் வழக்கம் நிலைபெற்றது. அகாடமியின் இன்றைய அரங்கம் 1962இல் திறக்கப்பட்டது. நகரின் வேறு பகுதிகளிலும் சபைகள் பல எழுந்தன. மயிலையில் மட்டும் ரசிக ரஞ்சனி சபை, கிழக்கு மாடவீதியில் உள்ள பாரதிய வித்யா பவன், லஸ் பகுதியில் ரானடே நூலகத்தைச் சேர்ந்த சாஸ்திரி ஹால் என்று நடந்தே செல்லக்கூடிய தொலைவில் பல அரங்குகள் உள்ளன. 2017இல் யுனெஸ்கோ நிறுவனம் சென்னையை இசைத்துறையில் படைப்பாக்க நகரங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அப்பெருமையில் இச்சபைகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

சபை நமக்குச் செய்த நன்மையைக் குறைத்துப் பேசுதல் தகாது. முன்னாளில் நல்ல பாட்டைக் கேட்க வேண்டுமானால் அரண்மனைக்கோ, செல்வர் வீட்டுத் திருமணத்திற்கோ, கோயில் திருவிழாவிற்கோ செல்ல வேண்டும். செல்வர் வீட்டில் நுழைய அழைப்பு வேண்டும். சபையோ, சீட்டு வாங்கிய எவரையும் உட்கார வைத்தது. அமைதியான இடமும் குறித்த நேரமும் தந்தது. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் போன்ற பெரியோர் வகுத்த கச்சேரி முறை, வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடியும் அந்த ஒழுங்கு, சபை மேடைக்கு நன்கு பொருந்தியது. கூர்ந்து கேட்கும் பழக்கத்தை நமக்குக் கற்றுக்கொடுத்தது சபையே.

ஆனால் ஒரு செய்தியைக் கவனியுங்கள். விழாக்கால நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தால், நாகஸ்வரம் பெரும்பாலும் எங்கே இருக்கிறது? தொடக்க நாளில், தொடக்க வேளையில், மங்கல இசை என்னும் தலைப்பின் கீழ் இருக்கிறது. அப்போது அரங்கில் பாதி நாற்காலிகள் காலியாக இருக்கும். வந்தவர்களும் தங்கள் இடத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள். நாகஸ்வரத்தையும் தவிலையும் மங்கலப் பொருள் என்று போற்றுகிறோம். போற்றிவிட்டு அவற்றைக் கேளாமல் இருந்துவிடுகிறோம். திருமண வீட்டிலும் இதே நிலைதான். இந்த முரண்பாடு ஏன் ஏற்பட்டது என்பதை அறிய, அக்கருவிகள் எந்த இடத்திற்காகப் பிறந்தனவோ அந்த இடத்திற்கு நாம் செல்ல வேண்டும். அதுதான் திருவீதி.

மயிலையில் கபாலீசுவரர் கோயிலையும் அதன் மேற்கே உள்ள திருக்குளத்தையும் சேர்த்துச் சுற்றி நான்கு வீதிகள் உள்ளன. கிழக்கு, தெற்கு, வடக்கு மாடவீதிகள் மூன்று. மேற்கே உள்ளது இராமகிருஷ்ண மடம் சாலை. ஆண்டு முழுவதும் இவ்வீதிகள் காய்கறி, பூ, பாத்திரம், பட்டு என்று வாணிகம் செய்கின்றன. நவராத்திரி வருமுன் வடக்கு மாடவீதியின் ஓரமெல்லாம் கொலுப் பொம்மைகள் வரிசையாக அமர்ந்திருக்கும். பங்குனி மாதத்தில் பத்து நாட்கள் இதே வீதிகள் அரங்கமாக மாறிவிடுகின்றன. கொடியேற்றம் நடந்த பின், மூன்றாம் நாள் காலையில் அதிகார நந்தி, ஐந்தாம் நாள் இரவில் வெள்ளி ரிஷபம், ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் பிற்பகலில் அறுபத்து மூவர் என்று விழா வளர்ந்துகொண்டே போகும்.

இந்த விழாவின் பழைமை சிறிதன்று. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தர், மயிலையில் மாதந்தோறும் நடந்த விழாக்களை ஒரு பதிகத்தில் வரிசையாகக் கூறியுள்ளார். அதன் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். சிவநேசர் என்னும் வணிகரின் மகள் பூம்பாவை பாம்பு தீண்டி இறந்தாள். அவள் சாம்பலையும் எலும்பையும் தந்தை ஒரு குடத்தில் வைத்துக் காத்திருந்தார். சம்பந்தர் அக்குடத்தின் முன் நின்று, ஓணம், விளக்கீடு, ஆதிரை, பூசம், உத்திரம் முதலிய ஊர் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவற்றையெல்லாம் பாராமல் போவது தகுமா என்ற கருத்தில் அவளை அழைத்தார். அவள் உயிர்பெற்று எழுந்தாள் என்பது புராணம். அறுபத்து மூவர் விழா நாளில் இந்நிகழ்ச்சி இன்றும் திருக்குளக்கரையில் நடித்துக் காட்டப்படுகிறது. ஓர் ஊருக்கு அதன் விழாக்களே உயிர் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லிய கதையை நான் கேட்டதில்லை.

இனி வீதி அரங்கம் இயங்கும் முறையைச் சற்று விளக்குகிறேன். சுவாமி புறப்படும்போது வாசிக்கப்படுவது மல்லாரி. அது பெரும்பாலும் கம்பீர நாட்டை ராகத்தில் அமைந்திருக்கும். அதற்குச் சாகித்தியம், அதாவது சொற்கள், கிடையாது. ஜதிகளின் கட்டுக்கோப்பில் அமைந்த ஸ்வரங்களே அதன் உடல். அதைக் கீழ்க்காலம், மத்திம காலம், மேற்காலம் என்று வெவ்வேறு காலங்களில் வாசிப்பார்கள். தேருக்கு ஒரு மல்லாரி உண்டு. திருமடைப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் எடுத்துவரத் தளிகை மல்லாரி, அபிஷேக நீர் கொண்டுவரத் தீர்த்த மல்லாரி என்று ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனியே உண்டு. அனுபவமுள்ள ஒருவர் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே, கோயிலில் இப்போது என்ன நடக்கிறது என்பதை ஒலியைக் கொண்டு அறிந்துகொள்வார்.

சொற்கள் ஏன் இல்லை? ஆயிரக்கணக்கான மக்கள் கூடி நிற்கும் திறந்த வெளியில் சொல் சென்று சேராது. ஸ்வரமும் தாளமும் சேரும். நாகஸ்வரம் அதற்கென்றே செய்யப்பட்ட கருவி. ஆச்சா மரத்தைக் கடைந்து நீண்ட குழலாக்கி, காவிரிக்கரையில் விளையும் கொருக்கைத் தட்டையால் செய்த சீவாளியை வாயில் பொருத்துகிறார்கள். விரல் வைத்து வாசிக்க ஏழு துளைகள் உண்டு. கீழே உள்ள ஐந்து துளைகளில் வேண்டியதை மெழுகால் அடைத்துச் சுருதியைச் சரிசெய்துகொள்வார்கள். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டை இக்கருவியைச் செய்வதில் பெயர்பெற்ற ஊர். அவ்வூர் நாகஸ்வரத்திற்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தவிலோ பலாமரத்தைக் குடைந்து செய்வது. அதன் வலப்பக்கத்தைக் கூடு அணிந்த விரல்களாலும் இடப்பக்கத்தைக் கழியாலும் அடிப்பார்கள். இவ்விரண்டின் ஒலி நான்கு சுவருக்குள் காதைத் துளைக்கிறது என்று சிலர் குறை கூறுவார்கள். கடலில் செல்லும் தோணியைக் குளத்தில் விட்டுவிட்டு, அது பெரிதாக இருக்கிறது என்று குறை கூறலாமா?

வீதியில் அந்த ஒலியே வழிகாட்டி. சுவாமியைத் தோளில் சுமப்பவர்களின் நடைக்கு அது காலம் காட்டுகிறது. வீதி முனை திரும்பும்போது உட்பக்கம் நிற்பவர் அடிகளைக் குறுக்க வேண்டும். வெளிப்பக்கம் நிற்பவர் அகலமாக வைக்க வேண்டும். அப்போது தவில்காரர் திரும்பிப் பாராமலே காலத்தை அடக்குவார். ஒரு வீட்டு வாசலில் தீபாராதனைக்காக வாகனம் நின்றால், நாகஸ்வரக்காரர் ராகத்தை அங்கேயே விரித்து நிற்பார். புறப்படும் குறிப்பு வந்ததும் ஒரு தீர்மானம் வைத்து நடப்பார். எங்கே நிற்க நேரும், எவ்வளவு நேரம் நிற்க நேரும் என்பது முன்கூட்டித் தெரியாது. சபையில் வித்துவான் நேரத்தைத் தம் கையில் வைத்திருக்கிறார். வீதியிலோ நேரம் ஊரார் கையில் இருக்கிறது. அதற்கேற்பக் கலையை நீட்டவும் குறுக்கவும் தெரிந்தவரே அங்கே வித்துவான்.

வீதிக்கும் சபைக்கும் பகை உண்டென்று யாரும் எண்ண வேண்டா. பாபநாசம் சிவன் 1920களில் மயிலையில் வந்து தங்கினார். மார்கழி விடியற்காலையில் இந்த மாடவீதிகளில் பஜனை பாடிச் சென்றவர் அவர். அவர் காம்போஜி ராகத்தில் இயற்றிய புகழ்பெற்ற கீர்த்தனை ஒன்று, அதிகார நந்தி சேவையைக் கண்டு பாடியது என்று சொல்வார்கள். இன்று அது எத்தனையோ மேடைகளில் ஒலிக்கிறது. குளிர்ந்த அரங்கில் அமர்ந்து அதைக் கேட்டுத் தலையசைக்கும் நாம், அது வெயிலில் நின்று பெற்ற செல்வம் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அறுபத்து மூவர் நாளில் வீதியின் இயல்பு முழுவதும் வெளிப்படும். நாயன்மார் அறுபத்து மூவரும் சிறு பல்லக்குகளில் வருவார்கள். கோலவிழி அம்மன், முண்டகக்கண்ணி அம்மன் முதலிய அக்கம்பக்கத்துத் தெய்வங்களும் எழுந்தருளுவார்கள். தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் சோறும் வழங்குவார்கள். யார் வழங்கினார், யார் வாங்கினார் என்ற கணக்கு அங்கே இல்லை. ஆயினும் குறையொன்றையும் சொல்ல வேண்டும். பந்தலுக்குப் பந்தல் ஒலிபெருக்கி வைத்துப் பாட்டுகளை அலறவிடுகிறார்கள். மேளம் அந்த இடத்தைக் கடக்கும்போதும் அதை நிறுத்துவதில்லை. உயிருள்ள கலைஞர் பத்தடி தூரத்தில் வாசிக்க, பதிவு செய்த பாட்டு அவரை மூழ்கடிக்கிறது.

பிறர் குறையைச் சொன்ன நான் என் குறையையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பேச்சை ஒப்புக்கொண்டதே அதற்காகத்தான்.

1994ஆம் ஆண்டில் நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பின் ஆசிரியராக இருந்தேன். என் வகுப்பில் ஒரு தவில் கலைஞரின் மகன் படித்தான். கணக்கில் கெட்டிக்காரன். மேசை மேல் அவன் விரல்கள் ஓயாமல் சொற்கட்டுகளைத் தட்டிக்கொண்டிருக்கும். அதற்காகப் பலமுறை அவனை எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். பங்குனி விழா வந்தது. பத்து நாட்களில் ஏழு நாட்கள் அவன் பள்ளிக்கு வரவில்லை. ஆண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. நான் தந்தையை வரவழைத்தேன். ஆற்றில் ஒரு காலும் சேற்றில் ஒரு காலுமாக நிற்க முடியாது, தவிலா படிப்பா என்று தீர்மானித்துவிடுங்கள் என்றேன். அவர் தம் மேல்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றபடியே கேட்டார். "ஐயா சொன்னால் சரி" என்றார். அடுத்த ஆண்டு விழாவில் பையன் ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை. தேர்வில் சிறந்த மதிப்பெண் பெற்றான். ஒரு மாணவனைக் கரையேற்றிவிட்டதாக நான் பெருமை கொண்டேன். ஆசிரியர் அறையில் அதை எடுத்துக்காட்டாகவும் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பின் ஒரு பங்குனியில் தெற்கு மாடவீதியில் நின்றுகொண்டிருந்தேன். "சார்" என்று ஒரு குரல் கேட்டது. அவன்தான். நல்ல வேலையில் இருக்கிறான். பக்கத்தில் பத்து வயது மகள் நின்றாள். பேசிக்கொண்டிருக்கும்போதே மேளம் அருகில் வந்தது. அவன் பேச்சு நின்றுவிட்டது. தடுப்புக் கம்பியின் மேல் அவன் வலக்கை விரல்கள் ஓடத் தொடங்கின. தவில்காரர் தீர்மானம் வைத்த இடத்தில் அவன் விரல்களும் சரியாக வந்து நின்றன. "இன்னும் வாசிக்கிறாயா?" என்று கேட்டேன். "இல்லை, சார். அப்பா காலமானதும் தவிலை ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். கை மட்டும் மறக்கவில்லை" என்று சிரித்தான். அவனுடைய மகள், "அப்பா, உனக்கு இது தெரியுமா?" என்று வியப்போடு கேட்டாள். அவன் என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. அந்தச் சிறுமியின் கேள்விக்குத்தான் நான் தலைகுனிந்தேன்.

என் பிழை எது என்று அதன்பின் ஆராய்ந்து பார்த்தேன். படிக்கச் சொன்னது பிழையன்று. தவில்காரர் மகன் தவில்தான் வாசிக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. அவன் எந்தத் தொழிலுக்கும் உரியவன். ஆனால் வருகைப் பதிவேட்டில் ஏழு நாட்கள் "வரவில்லை" என்று குறித்த நான், அந்த ஏழு நாட்களும் அவன் இன்னொரு பள்ளிக்குச் சென்றிருந்தான் என்பதை உணரவில்லை. சொற்கட்டை வீட்டில் கற்கலாம். அரசு இசைக்கல்லூரியிலும் நாகஸ்வரமும் தவிலும் முறையாகக் கற்பிக்கிறார்கள். வீதி முனையில் காலத்தை அடக்குவதை எங்கே கற்பது? அந்தப் பள்ளி ஆண்டில் பத்து நாட்கள்தாம் திறந்திருக்கும். அங்கே கற்ற பையனை என் வகுப்பின் முன் நிறுத்தி, மூன்று காலம் என்றால் என்ன என்று மேசையில் தட்டிக் காட்டச் சொல்லியிருக்கலாம். கணக்கில் விகிதம் என்னும் பாடத்தை அதைவிடத் தெளிவாக எவரும் விளக்கியிருக்க முடியாது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல் என்று பயிற்சி பெற்ற நான், மாணவனுக்குத் தெரிந்தது எது என்பதைக் கேட்கவே மறந்துவிட்டேன்.

2020ஆம் ஆண்டுப் பங்குனியில் நோய்த்தொற்றின் காரணமாக ஊர் அடங்கியது. மாடவீதிகள் வெறுமையாகக் கிடந்தன. அவ்வாண்டு டிசம்பரில் சபைகள் பல, இணையத்தின் வழியே கச்சேரிகளை நடத்தின. அவற்றை நன்றியோடு கேட்டேன். ஆனால் வீதியை அவ்வாறு அனுப்பிவைக்க வழியில்லை. பக்கத்து வீட்டாரின் தோள் நம் தோளில் படாமல் அந்தக் கலை நிகழ்வதில்லை.

நம்பிக்கைக்கும் இடம் உண்டு. நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஞாயிறு காலையில் சிறுவர் சிறுமியர் ஒலிபெருக்கி இல்லாமல் பாடக் கேட்டிருக்கிறேன். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று கேட்டுவிட்டுச் செல்கிறார்கள். ஜனவரித் தொடக்கத்தில் வடக்கு மாடவீதியில் நடக்கும் கோலப்போட்டியில், போக்குவரத்து ஓடும் சாலையே வாசலாகிவிடுகிறது. புள்ளி தவறாமல் இழை இழுக்கும் பெண்மணியைச் சுற்றிப் பள்ளிப் பிள்ளைகள் குந்தியிருந்து பார்க்கிறார்கள். அவ்வாறு ஒரு முழ தூரத்தில் இருந்து பார்த்த குழந்தையே நாளைக்குச் சபையில் நல்ல ரசிகனாக அமரும். வீதியில் காது திறக்கிறது; சபையில் அது கூர்மை பெறுகிறது. ஒன்றை விட்டு மற்றொன்று நெடுநாள் வாழாது.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். ஆசிரியர்களே, உங்கள் மாணவன் ஊர்விழாவில் வாசிக்கவோ ஆடவோ சென்றால், அவனுக்கு விடுப்பு மட்டும் தராதீர்கள். திரும்பி வந்ததும் அவன் அறிந்ததை வகுப்புக்குச் சொல்லச் செய்யுங்கள். பந்தல் வைக்கும் அன்பர்களே, மேளம் உங்கள் வாசலைக் கடக்கும் கால்மணி நேரம் ஒலிபெருக்கியை நிறுத்துங்கள். ஏனையோரே, நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும், அடுத்த திருவிழாவில் சுவாமியைக் கண்டு கும்பிட்டதும் வீடு திரும்பிவிடாமல், மேளக்காரர் அருகில் ஒரு ராகம் முடியும்வரை நில்லுங்கள். கூடவே ஒரு குழந்தையை அழைத்துச் செல்லுங்கள்.

சென்ற பங்குனியில் நான் என் மாணவனின் மகளை அழைத்துக்கொண்டு தெற்கு மாடவீதி முனைக்குச் சென்றேன். அவள் தந்தையும் வந்தான். வாகனம் திரும்பும்போது, "இப்போது காலத்தை அடக்குவார், பார்" என்று அவள் காதோரம் சொன்னவன் அவன்தான். சொன்னபடியே நடந்தது.